ரெண்டு வருசப் படிப்பும் நாலு கறவையும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாமுங்க. காத்து மூஞ்சில அடிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும். பாக்கறவன் அழுவறேன்னு நெனச்சுக்குவான். இந்தப் பை மட்டும் மடங்காம இருக்கோணும், அவ்வளவுதான். உள்ள ஒரு எக்ஸ்ரே படம் இருக்குதுங்க. இல்லீங்க, என்றது இல்லை. மாட்டோடது.

உங்க மடியில இருக்குதே அந்த நீல அட்டை, அதைப் பாத்துத்தான் பேச்சுக் குடுத்தேன். காலேஜ் நோட்டீசுதானுங்க? எக்ஸ்ரே, லேப்பு, டயாலிசிஸ்னு வரிசையாப் போட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட புள்ளை ஒண்ணு சிரிச்சுட்டு நிக்குமே, அதேதானே? பையனுக்குங்களா, புள்ளைக்குங்களா? புள்ளைக்கு. சரீங்க. அப்ப நீங்க சரியான ஆளு பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. இந்தப் பொள்ளாச்சித் தாலூக்காவுல அந்தப் படிப்போட வரவு செலவை என்னையாட்டம் போட்டுப் பாத்தவன் எவனும் இல்லீங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. மாட்டுத் தரகு. செவ்வாயும் வியாழனும் சந்தையில வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பல்லைப் பாத்து, மடியைத் தடவி, இது எத்தனையாவது ஈத்து, எத்தனை லிட்டரு கறக்கும், எந்த மாசம் வத்தும், எல்லாம் சொல்லீருவேன். முப்பத்திரண்டு வருசத்துல ரெண்டே தடவைதான் ஏமாந்திருக்கேன். ஒண்ணு உடுமலைப்பேட்டைக்காரன் வித்த மாடு. இன்னொண்ணு என்ற மகளோட படிப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப அந்தக் கணக்கு கொஞ்சம் கொழம்பிக் கெடக்குது.

மக பேரு மைதிலி. கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறா. பதினொன்றரைக்கு அங்க என்னை வரச் சொல்லீருக்காங்க. அவளை வேலையில வெச்சுக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு இன்னைக்கு முடிவு பண்ணறாங்க. நான் போயிச் சொல்றதை வெச்சுத்தான் முடிவு. மணி என்னங்க, பத்தா? கிணத்துக்கடவு தாண்டீட்டா அப்புறம் நேரம் ஆவாதுங்க.

மொதல்ல உங்க விசயத்துக்கு வர்றேன். பீசு எவ்வளவு சொன்னாங்க? அடேங்கப்பா, ஏத்திப்போட்டாங்க. எங்களுக்கு வருசம் அறுபது. ரெண்டு வருசம் ஒரு லட்சத்து இருபது. ஆஸ்டலு, சோறு, ரெண்டு வருசத்துக்குத் தொண்ணூறு. துணிமணி, புஸ்தகம், பரீட்சைப் பணம், அப்புறம் அந்த டூருன்னு ஒண்ணு கூட்டிட்டுப் போனாங்க, எல்லாம் சேர்த்து இருபது. மொத்தம் ரெண்டு முப்பது.

பணம் கட்டப் போன அன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சுங்க. எங்க தொழில்ல வெலையை வாயால பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, உள்ள வெரலைப் புடிச்சுத்தான் பேசுவோம். பக்கத்துல நிக்கறவனுக்கு எவ்வளவுன்னு தெரியக்கூடாது பாருங்க. அந்தக் காலேஜ் ஆபீசுல கண்ணாடி போட்ட ஒருத்தரு, "வருசம் அறுபதாயிரம் சார்"ன்னாரு. நானும் பழக்க தோசத்துல தோள்ல இருந்த துண்டை எடுத்து அவரு கை மேல போட்டு, உள்ள கையை விட்டு நாலு வெரலைப் புடிச்சேன். நாப்பதுன்னு அர்த்தம். அவரு வெடுக்குன்னு கையை இழுத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. "என்ன சார் பண்றீங்க"ன்னு சத்தம். என்ற மக செவுத்தைப் பாத்துத் திரும்பீட்டா. அப்புறம் அவரு செவுத்துல ஒட்டியிருந்த காயிதத்தைக் காட்டுனாரு, பீசு அதுல அச்சடிச்சு இருக்குது. அச்சடிச்சு ஒட்டுன வெலையில பேரம் ஏதுங்க. முழுசாத்தான் கட்டுனேன்.

அன்னைக்கு நல்ல கறவை மாடு அம்பத்தஞ்சாயிரம். ரெண்டு இருபதுக்கு நாலு மாடு, மிச்சம் பத்தாயிரம் தீவனத்துக்கு. புண்ணாக்கு, தவுடு, டாக்டரு செலவெல்லாம் போவ ஒரு மாடு மாசம் மூவாயிரம் நிக்கும். நாலுக்குப் பன்னண்டாயிரம். இது போவக் கன்னுக்குட்டி வேற. இந்தப் பக்கம் என்ற மக. ரெண்டு வருசமும் வரவு சைபரு. மாசம் ஒருக்கா வந்து இட்டிலிப் பொடி, நல்லெண்ணெய், முறுக்குன்னு ஒரு பை நெறைய எடுத்துட்டுப் போவா. இதை நான் என்ற ஊட்டுக்காரி துளசிமணிகிட்டச் சொன்னேன். "பெத்த புள்ளையையும் மாட்டையும் ஒரே தராசுல வெக்கிறயே, உனக்கு நாக்குக் கூசலையா"ன்னு கேட்டா. கணக்குன்னா கணக்குத்தானுங்களே. அவளுக்கு அது புரியாது.

படிப்பு முடிச்சா. பொள்ளாச்சியில ஒரு ஸ்கேன் சென்டரு, எட்டாயிரத்து ஐநூறு. அதாவது மூணு மாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு வருசம் கழிச்சு இந்தக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரி, பன்னண்டாயிரம். அதாவது நாலு மாடு, சரியாப் போச்சு. ஆனா அங்க ஆஸ்டலுக்கே அஞ்சாயிரம் போவுது. ஒரு வருசம் ஒழுங்கா இருந்தா வேலையை நெரந்தரம் பண்ணி, சம்பளம் பத்தொம்பதாயிரம் ஆக்குவாங்கன்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அந்த ஒரு வருசம் போன மாசத்தோட முடிஞ்சிருக்கோணும்.

என்னங்க கேட்டீங்க? வீட்டுக்கு அனுப்புவாளான்னா? அனுப்புவாளுங்க, மாசம் நாலாயிரம் அவ அம்மா பேருக்குப் போடுவா. அதை எப்படிங்க வரவுல சேர்க்கறது. வீட்டுச் செலவுக்கு வருது, வீட்டுல செலவாவுது. கரண்டுக் காசு, கேஸு, என்ற சர்க்கரை மாத்திரை, அப்படிப் போயிரும். அதுலயும் துளசிமணி கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி மகளிர் சங்கத்துல முப்பதாயிரம் சேர்த்து வெச்சிருந்தா. அது நல்ல சமயத்துல ஒதவுச்சு. அந்த மாட்டை வாங்கறப்ப கொறைஞ்ச பணத்துக்கு அதைத்தான் போட்டேன்.

மாட்டுக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல அந்த பேட்ஜைப் பத்திச் சொல்லோணும். எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்குன்னு ஒரு பேட்ஜு குடுப்பாங்க. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு, நெஞ்சுல கோட்டுல குத்திக்கோணும். உங்க புள்ளைக்கும் குடுப்பாங்க. மொதத் தடவை அதை நான் பாத்தப்ப என்ன இதுன்னு கேட்டேன். "ரேடியேசனுக்குங்கப்பா, இது இல்லாம உள்ள போவக்கூடாது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவசரமாச் சோறு தின்னுட்டு இருந்தா. நானும் மேல கேக்கலை. மழைக்குன்னா கொடை, ரேடியேசனுக்குன்னா பேட்ஜு, அப்படித்தானே நெனைக்கத் தோணும்? நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

அது எனக்கு நெம்ப ஒதவியா இருந்துச்சுங்க. ஏன்னா ஒறம்பரையில, சொந்தபந்தத்துல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. என்ற அக்கா வீட்டு விசேசத்துல பந்தியில உக்காந்துட்டே ஒருத்தரு, "ஏனுங்க மச்சான், அந்தக் கதிரு பட்டா நாளைக்குப் புள்ளைகிள்ளை தங்குமா"ன்னு கேட்டுப்போட்டாரு. எலை முன்னால வெச்சுக் கேக்கற கேள்வியா அது. நான் கோவப்படலை. "அதுக்குன்னு பேட்ஜு குடுத்திருக்காங்க மாப்ளே, கதிரு வந்தா அது தடுத்துப்போடும், என்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது"ன்னு பந்தி முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னேன். அன்னைக்கு மட்டும் இல்லை. அதுக்கப்புறம் எத்தனை வீட்டுல, எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்லை. மைதிலி அப்பெல்லாம் பக்கத்துல இருந்ததில்லை. இருந்திருந்தா திருத்தியிருப்பா.

கிணத்துக்கடவு வந்துருச்சா. டீ வேணுமுங்களா? வேண்டாமா. சரி.

மாடு. நல்ல சிந்துக் கலப்பு, ரெண்டாவது ஈத்து, எட்டு மாசச் சினை. அதை நான் தரகுக்குப் பேசலை, சொந்தமாவே வாங்கீட்டேன். எழுபத்தெட்டாயிரம். பல்லடத்துல ஒரு பார்ட்டி எம்பத்தஞ்சுக்குச் சொல்லி வெச்சிருந்தான், புதன்கெழம வந்து ஓட்டிக்கறேன்னான். சனிக்கெழம லாரியில இருந்து எறக்கறப்ப பலகை வழுக்கி, மாட்டுக்குப் பின்னங்காலு மூட்டு வீங்கிப்போச்சு. நம்ம ஊரு மாட்டு டாக்டரு வந்து அமுக்கிப் பாத்துட்டு, எலும்புல விரிசலு இருக்கலாம், திங்கக்கெழம பெரிய மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயிப் படம் எடுத்துப்போடுங்கன்னாரு.

படமுன்னதும் எனக்கு மொத நெனப்பு என்னன்னா, உள்ள கன்னு இருக்குதே. டாக்டரைக் கேட்டேன். ஒண்ணும் ஆவாது, காலுக்குத்தானே எடுக்கறாங்கன்னாரு. ஆவாதுன்னு சொல்றதுக்கு அவருக்கு என்னங்க. எழுபத்தெட்டு குடுத்தது நானு. கன்னு சேதாரமானா எம்பத்தஞ்சு எங்க, மாட்டுக்கறிக்காரன் குடுக்கற இருபது எங்க.

அந்த வாரம் பாத்து மைதிலி லீவுல வந்திருந்தா. ஞாயித்துக்கெழம. அவ கோட்டு தொவைக்கறதுக்குன்னு கொண்டாந்து கொடியில காஞ்சுட்டு இருந்துச்சு. அந்த பேட்ஜை அவ மறந்து கோட்டோட கொண்டாந்துட்டா. அதை ஆஸ்பத்திரியிலயே ஒரு பலகையில மாட்டீட்டு வரோணுமாம், வெளிய எடுத்துட்டு வரக்கூடாதாம். அதெல்லாம் எனக்குப் பொறகுதான் தெரியும். சாமி மாடத்துல கழட்டி வெச்சிருந்தா. நான் சாயந்தரமா அதை எடுத்து என்ற பனியன் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

அவகிட்டச் சொல்லலையான்னு கேக்கறீங்க. சொன்னா குடுப்பாளுங்களா? காலையில அஞ்சரை பஸ்ஸுக்கு அவ கெளம்பறப்ப மாடத்துல தேடுனா. "அம்மா, என்ற பேட்ஜைப் பாத்தியா"ன்னு கேட்டா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடீட்டா.

மாட்டு ஆஸ்பத்திரியில அந்தத் தம்பி நல்ல மாதிரி. மாட்டைப் புடிச்சு நிக்கறதுக்கு என்னை உள்ள விட்டு, கனமா ஒரு ஈயக் கோட்டைப் போட்டு விட்டாரு. மாட்டுக்கும் ஒண்ணுன்னு கேட்டேன். "மாட்டுக்கு வேண்டாமுங்க"ன்னாரு. அவரு அக்கட்ட திரும்பறப்ப நான் பேட்ஜை எடுத்து, ஒரு துணியில சுத்தி, வயித்துக்கும் தொடைக்கும் நடுவால கயித்தோட கட்டீட்டேன். படம் எடுத்தாங்க. தம்பி உள்ள போயிப் பாத்துட்டு வந்தாரு. "என்னமோ சதுரமா மறைக்குதுங்களே, என்னங்க அது?" தாயத்துன்னு சொன்னேன். கழட்டச் சொன்னாரு. கழட்டற மாதிரி கொஞ்சம் நவுத்திக் கட்டுனேன். மறுக்கா எடுத்தாங்க, மாடு ஆடிப்போச்சு. மறுக்கா. எல்லாஞ் சேர்த்து நாலு படம். கடைசியில எலும்புக்கு ஒண்ணுமில்லை, வெறும் வீக்கந்தான்னு சொல்லி ஒரு படத்தைக் கையில குடுத்தாங்க. நானூறு ரூபா.

புதன்கெழம பல்லடத்தான் வந்து எம்பத்தி நாலுக்கு ஓட்டிட்டுப் போனான். ஒரு மாசத்துல கன்னு போட்டுச்சு. கெடேரி. நல்ல கன்னு, நாலு காலும் ஊணி நின்னு பாலு குடிச்சுச்சுன்னு போன்ல சொன்னான். எனக்கு ஆறாயிரம் நின்னுச்சு. லாரி வாடவை, படம் எல்லாம் போவ நாலு.

பேட்ஜையும் நான் வெச்சுக்கலீங்க. அன்னைக்கே துணியோட வீட்டுல கொண்டாந்து போட்டேன். செவ்வாக்கெழம துளசிமணி அதைக் கட்டிலுக்கடியில கெடந்துச்சுன்னு எடுத்து, நம்மூரு கண்டக்டருகிட்டக் குடுத்து அனுப்பிச்சா. ரெண்டு நாளு பேட்ஜு இல்லாம எப்படி வந்தேன்னு மைதிலியைச் சூப்பர்வைசரு அம்மா திட்டுச்சாம். அவ வீட்டுல மறந்துட்டேன்னு சொல்லித் திட்டு வாங்கிக்கிட்டா. அதோட முடிஞ்சுதுன்னுதான் நான் நெனச்சேன்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா அந்த பேட்ஜை எல்லாம் வாங்கி எங்கயோ அனுப்புவாங்களாம். அங்க எதையோ வெச்சுப் பாத்து, இந்தாளு மேல இவ்வளவு கதிரு பட்டிருக்குதுன்னு சீட்டு அனுப்புவாங்களாம். மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. மைதிலிக்கு மட்டும் அளவுக்கு மேலன்னு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில என்னென்ன கேட்டாங்களோ. ரூமுல விதிப்படி நின்னியா, கதவைச் சாத்துனியா, யாரையாவது புடிச்சுட்டு நின்னியான்னு. அவ ஒழுங்காத்தான் நின்னேன்னு எழுதிக் குடுத்தா. ஒழுங்கா நின்னா எப்படி இவ்வளவு வரும்னு கேட்டா அவ எதைச் சொல்லுவா? அவளை எக்ஸ்ரே ரூமுல இருந்து எடுத்து பில்லுப் போடற எடத்துல உக்கார வெச்சுட்டாங்க. நெரந்தரம் பண்ணற பேச்சு நின்னுபோச்சு. ரத்தப் பரிசோதனைக்கு மூணு தடவை ஊசி.

சனிக்கெழமைக்குச் சனிக்கெழம வீட்டுக்கு வந்து கெடந்தா. துளசிமணி அவ தலையைத் தடவீட்டு உக்காந்திருப்பா. ஒரு நாளு, "அம்மா, எனக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா"ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்தீட்டா. நான் வாசல்ல நின்னு கேட்டேன். எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சுங்க. அந்த பேட்ஜு வாங்குன கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைக் குடுத்துட்டான், தடுக்க வேண்டியது தடுக்கலைன்னு நெனச்சேன். நெசமாலுமே அப்படித்தான் நெனச்சேன். பேட்ஜை மாத்தச் சொல்லி யாருகிட்டக் கேக்கறதுன்னுகூட ரெண்டு பேருகிட்ட விசாரிச்சேன். மாட்டுக்குக் கட்டுனதையும் இதையும் நான் சேர்த்தே பாக்கலை.

போன ஞாயித்துக்கெழம அந்தப் பல்லடத்தான் போன் பண்ணுனான். மாடு காலை இழுக்குது, அஞ்சாயிரம் திருப்பிக் குடுங்கங்கறான். நான் எலும்பு நல்லா இருக்குதுன்னு அடிச்சுச் சொன்னேன், என்றகிட்டப் படம் இருக்குதுன்னேன். சொல்லீட்டு உள்ள வந்து பாத்தா, என்ற மக சும்மா உத்தரத்தைப் பாத்துப் படுத்திருக்கா. படம் பாக்கப் படிச்ச புள்ளை வீட்டுலயே இருக்கறப்ப நான் எதுக்கு வெளிய ஆளைத் தேடோணும்? அந்தப் படிப்பால எனக்கு நேரா வர்ற மொத வரவு இதுதான்னு நெனச்சுக்கிட்டே, படத்தை எடுத்து, "அம்மிணி, இதை ஒருக்காப் பாரு, எலும்பு நல்லா இருக்குதான்னு சொல்லு, அஞ்சாயிரம் விசயம்"னு குடுத்தேன்.

எந்திரிச்சு உக்காந்தா. ஜன்னலு வெளிச்சத்துக்குத் தூக்கிப் புடிச்சா. புடிச்சதும் அவ மூஞ்சி மாறிப்போச்சுங்க, வேலை பாக்கற மூஞ்சி வந்துருச்சு. "எலும்பு நல்லா இருக்குதுங்கப்பா. வீக்கம் மட்டுந்தான்"னா. அப்புறம் மூலையில வெரலை வெச்சு, "இதென்னங்கப்பா, சதுரமா?"ன்னா.

"அதுவா, உன்ற பேட்ஜு"ன்னேன்.

கையை எறக்கலை. படத்தைப் புடிச்ச மேனிக்கே, எத்தனை படம் எடுத்தாங்கன்னு கேட்டா. நாலுன்னேன். நாலுலயும் இருந்துச்சான்னு கேட்டா. இருந்துச்சுன்னேன், கன்னு இருக்குதல்ல கண்ணு, அதான் கட்டுனேன்னேன். அவ படத்தை மடியில வெச்சுட்டு ஓன்னு அழுதா. துளசிமணி அடுப்படியில இருந்து ஓடியாந்தா. அழுதுட்டே சிரிக்கறா. "என் மேல படலைம்மா, என் மேல ஒண்ணும் படலை, அது மாட்டு மேல பட்டதும்மா"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்றா. அப்புறந்தான் எனக்குச் சொன்னா. அந்த பேட்ஜு எதையும் தடுக்காதாம். எவ்வளவு பட்டுச்சுன்னு குறிச்சுக்குமாம், அவ்வளவுதான். காக்கறது செவுரும், கதவும், அந்த ஈயக் கோட்டும். பேட்ஜு வெறும் சாட்சி.

பந்தியில எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் பாருங்க.

சாயந்தரம் அவளைப் பஸ் ஏத்தப் போனேன். நல்லாத்தான் பேசிட்டு வந்தா. பல்லடத்தானுக்கு என்ன சொல்லோணும்னுகூடச் சொல்லிக் குடுத்தா, சூட்டு ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்கன்னு. பஸ்ஸு வந்துச்சு. படியில ஏறீட்டா. ஏறீட்டுத் திரும்பி, "ஏனுங்கப்பா, அது தடுக்கும்னுதானே நீங்க நெனச்சிருந்தீங்க?"ன்னா. ஆமா கண்ணுன்னேன். "அப்ப அந்தத் திங்கக்கெழம நான் எதைக் குத்தீட்டு உள்ள நிப்பேன்னு நெனச்சீங்க?"

கண்டக்டரு விசில் அடிச்சுட்டான். பஸ்ஸு போயிருச்சு.

கோவமாக் கேக்கலீங்க. கோவமாக் கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கற மாதிரி கேட்டா.

ஒத்தக்கால்மண்டபங்களா இது? நேரம் இருக்குது.

திங்கக்கெழம அவ ஆஸ்பத்திரியில நடந்ததைச் சொல்லியிருக்கா. யாரும் நம்பலை. மாட்டு வயித்துல கட்டுனாங்களாம்னு சிரிச்சிருக்காங்க. பெரிய டாக்டரு ஒருத்தரு, நல்ல கதை சொல்றயேம்மா, உங்கப்பாவை எழுத்துல குடுக்கச் சொல்லு, படத்தையும் மாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லு, வெள்ளிக்கெழம பாக்கலாம்னுட்டாரு. இன்னைக்கு வெள்ளி. சீட்டு பைக்குள்ள இருக்குது. படம் இருக்குது. எழுத்துதான் இல்லை. நான் அஞ்சாவது வரைக்கும்தான். கையெழுத்துப் போடுவேன், அதுக்கு மேல எழுதுனா கோழி கெளறுன மாதிரி இருக்கும். ஊருல எழுதச் சொல்லலாம்னா, அடுத்த சந்தைக்குள்ள தாலூக்கா பூராத் தெரிஞ்சுபோவும். மாட்டுக்கு பேட்ஜு கட்டுன நாச்சிமுத்துன்னு பட்டப்பேரு வெச்சு, வெரலைப் புடிக்கறப்பவே சிரிப்பானுங்க. அதான் மூணு நாளாத் தள்ளிப்போட்டேன்.

உங்க சட்டைப் பையில பேனா இருக்குது. பாத்தா எழுதற கை மாதிரி இருக்குது. ஒரு காயிதம் எழுதித் தருவீங்களா? நீங்க யாரோ, நான் யாரோ, உக்கடத்துல எறங்குனா அவங்கவங்க வழி. அந்த அட்டையை அடியில வெச்சுக்கங்க, பஸ்ஸு குலுங்கும்.

பெறுநர் ஆஸ்பத்திரின்னு போடுங்க. நாச்சிமுத்து ஆகிய நான். மாட்டுத் தரகர். என் மகள் மைதிலி மேற்படி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை பார்க்கிறாள். எழுதீட்டீங்களா? அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை ரெண்டு தடவை எழுதுனா ஒண்ணும் கெட்டுப்போவாதுங்களே? சரி, ஒருக்காப் போதும். அவள் மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பேட்ஜை நான் எடுத்து, என் சினை மாட்டின் வயிற்றில் கட்டி, நாலு எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் ஓரத்தில் சதுரமாகத் தெரிவது அதுதான். மாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டும் இத்துடன் இருக்கிறது. ஆகையால் அந்த அளவு மாட்டினுடையது, என் மகளுடையது அல்ல. அவளைத் திருப்பி எக்ஸ்ரே ரூமில் விட்டு, வேலையை நிரந்தரம் பண்ண வேண்டும்.

மாட்டோட வெலையைப் போடலாமுங்களா? வேண்டாமா. சரி, வேண்டாம்.

உங்க புள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு இன்னும் நான் சொல்லலை, இல்லீங்க? ரெண்டு முப்பதுக்கு எனக்குத் தெரிஞ்ச கணக்கை எல்லாம் போட்டுச் சொல்லீட்டேன். நாலு மாடு எப்பவும் நாலு மாடுதான். ஆனா எந்த மாடும் என்ற மூஞ்சியைப் பாத்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சேர்த்துங்க. சேர்த்துனா அவ வேலையைப் பத்தி என்ன ஏதுன்னு முழுசாக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. சோறு தின்னு முடிக்கற வரைக்கும் இருந்து கேளுங்க.

சுந்தராபுரம் வந்துருச்சு. எழுதுனதை ஒருக்காப் படிங்க, கேக்கறேன்.

ம். ம். இருங்க, அந்த எடத்தை மறுக்காப் படிங்க. "தெரியாமல் எடுத்து"ன்னா? நான் அப்படிச் சொல்லலீங்களே. நீங்களாச் சேர்த்தீங்களா? எனக்கு நல்லதுக்குத்தான் சேர்த்திருப்பீங்க, தப்பில்லை. எடுத்தவன் தெரியாம எடுத்துட்டான்னா அவங்களும் மன்னிச்சுருவாங்க. ஆனா மைதிலியும் இதைப் படிப்பா.

அதை அடிச்சுருங்க. தெரிஞ்சுதான் எடுத்தேன். அது அவளைக் காக்குதுன்னு நம்பித்தான் எடுத்தேன். விடிஞ்சா அவ எக்ஸ்ரே ரூமுக்குள்ள நிப்பான்னு தெரியும், மாடத்துல தேடறதும் காதுல விழுந்துச்சு, நான் தண்ணிதான் காட்டிட்டு இருந்தேன். மாட்டுக்கு ஆளு வந்து நிப்பான்னு அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. அவ நெனப்பு எனக்கு வரவே இல்லீங்க. அவ கேட்டதுக்கு அதுதான் பதிலு, நேருல சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்லை.

அதை அப்படியே எழுதுங்க. எழுதீட்டுக் குடுங்க, கையெழுத்து நான் போட்டுக்கறேன்.